கட்டை விரலில் இருந்த மை

புதிதாக எஸ்.ஐ. ஆகி நம் மாவட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் பேச வராது. பத்து நிமிடம் பேசினால் யாரையாவது திட்டிவிடுவேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத்திலும் திட்டுவேன். பிடிக்கவில்லை என்றால் மடித்து வைத்துவிடுங்கள்.

குற்றத்தின் நோக்கம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோக்கம் என்றதும் உங்கள் வாயில் முதலில் வருவது பேராசை. அது உங்கள் மண்டைக்குள் எப்படி வந்தது? எந்தச் சட்டப் புத்தகமும் அதைச் சொல்லித் தரவில்லை. நீங்கள் செல்போனில் பார்க்கும் துப்பறியும் தொடர்களிலிருந்து வந்தது. எனக்கு வாடகை நூலகத்திலிருந்து வந்தது. புதுக்கோட்டையில் படிக்கும்போது பழைய துப்பறியும் கதை ஒன்று விடாமல் படித்தேன். வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகளைக் கிழிந்த அட்டையோடு வாங்கிப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு பெரிய வீடு, அதில் பணக்காரக் கிழவர், நாளைக்கு உயிலை மாற்றப்போவதாகச் சாப்பாட்டு மேசையில் சொல்வார். காலையில் செத்துக் கிடப்பார். சுற்றி ஆறு சொந்தக்காரர்கள். சாவால் யாருக்கு லாபம் என்று துப்பறிபவர் கேட்பார். கடைசி அத்தியாயத்தில் லாபக்காரன் பிடிபடுவான்.

அந்தக் கதைகளை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. வெறுப்பினால் ஒருவன் கொன்றான் என்று வாசகனை நம்பவைக்க நூறு பக்கம் எழுத வேண்டும். பேராசைக்கு ஒரு உயில் போதும். படிக்கிற எல்லோருக்கும் பேராசை என்றால் என்னவென்று தெரியும், ஏனென்றால் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் அது சுலபமாக ஒட்டிக்கொள்ளும். கதைக்கு அது நல்லது. ஸ்டேஷனுக்கு நல்லதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இது நடந்தபோது எனக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். புதியவன் செய்த தவறு என்று யாரும் எனக்குச் சலுகை கொடுக்க வேண்டாம். அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஒரு கொலைக் கேஸை மூன்று மணி நேரத்தில் முடித்திருந்தேன். தனியாக இருந்த ஒரு அம்மாள், கழுத்தில் சங்கிலியைக் காணவில்லை, அக்கா மகன் அடகுக் கடையில் நிற்கிறான். எவனாலும் பிடிக்க முடிகிற கேஸ். ஆனால் எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. யாருக்கு லாபம் என்று பார்த்தால் போதும் என்று எனக்குத் திமிர் ஏறியிருந்தது.

ஊர் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஆறுமுகம் என்று ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். இரண்டு பிள்ளைகள். மகன் ராசேந்திரன் கூடவே இருந்தான், பால் சொசைட்டியில் வேலை. மகள் மல்லிகாவை அன்னவாசலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கேணியோடு சேர்ந்த ஒன்றரை ஏக்கர் பெரியவர் பெயரில் இருந்தது. அது ஒன்றுதான் சொத்து.

ஒரு நாள் விடியற்காலை பெரியவர் கட்டிலில் செத்துக் கிடந்தார். ராசேந்திரன் அக்காவுக்குப் போன் செய்தான். எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கிய மல்லிகா, அப்பா மேல் விழுந்து அழுது, கையைப் பிடித்திருக்கிறாள். இடது கட்டை விரலில் நீல மை. எண்ணெய் போட்டுத் துடைத்தும் ரேகைக்குள் அப்பியிருந்தது.

நான் போய் இறங்கியபோது அவள் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ரேகைய உருட்டிக்கிட்டு எங்கப்பன ஆளக் காலி பண்ணிட்டான் சார்! அந்தக் கையப் பாருங்க! மை காயல இன்னும்!"

பார்த்தேன். செல்போனில் எட்டு போட்டோ எடுத்தேன். அதில் ஆறு அந்த விரல். வீட்டைச் சோதித்தோம். அரிசி டிரம்முக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் கிடைத்தது. ஒரு வரி எழுதவில்லை. கீழே மட்டும் ஒரு கைநாட்டு. பக்கத்தில் பால் சொசைட்டி ஸ்டாம்ப் பேடு. ராசேந்திரனின் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ராத்திரி வீட்டில் இருந்தது அப்பனும் மகனும் மட்டும். எனக்கு வாடகை நூலகத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கிழவர், சொத்து, தாள், லாபக்காரன். பாலில் எதையாவது கலந்து கொடுத்து, மயக்கத்தில் கைநாட்டு வாங்கியிருக்கிறான், பிறகு ஆள் போய்விட்டார். கடைசி அத்தியாயத்தை நானே எழுதிவிட்டேன்.

பிரேதத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ராசேந்திரனை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தேன்.

"எப்படா வாங்குன கைநாட்டு?"

வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"பால்ல என்ன கலந்த?"

"எது வேணா எழுதிக்கங்க சார்."

கன்னத்தில் அறைந்தேன். இதையெல்லாம் எழுதக் கூடாது என்று சொல்வார்கள். எழுதுகிறேன். அவன் அழவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டான்: "கொள்ளி வைக்க விடுவீங்களா சார்?"

அவன் ஒரே மகன். தகப்பனுக்கு அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். கைது செய்துவிட்டால் பங்காளி யாராவது வைப்பார்கள். கொன்றவன் கேட்கிற கேள்வியா இது என்று நான் ஒரு நொடி யோசித்திருக்க வேண்டும். நடிக்கிறான் என்று நினைத்தேன். கதைகளில் எல்லோரும் நடிப்பார்கள்.

மதியம் டாக்டர் பேசினார். உடம்பில் காயம் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை, உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், முடிவு வர நாளாகும், இப்போது எதுவும் சொல்ல முடியாது. நாலு மணிக்குப் பிரேதத்தைக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த போன் டி.எஸ்.பி. "டி.வி.க்காரன் கேக்குறான். நோக்கம் நல்லா இருக்குல்ல? அப்புறம் என்ன, கைது காட்டிடுங்க."

"காட்டிடுறேன் சார்" என்றேன்.

தாளை எடுத்து எழுத உட்கார்ந்தபோது பெண் காவலர் வந்து நின்றார்.

"சார், ஒரு அம்மா ஒரு மணியிலேருந்து வாசல்ல நிக்கிது. போகச் சொன்னா போக மாட்டேங்குது. சாப்பிடவும் இல்ல."

"யாரு?"

"ராசேந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடாம். பேரு பார்வதி."

நான் அந்தப் பெண்ணைத் தாண்டி இரண்டு முறை வெளியே போய் வந்திருந்தேன். காலையில் சாவு வீட்டிலும் பார்த்திருந்தேன். அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. சொத்தில் பங்கில்லாத ஆளிடம் நான் எதற்குக் கேட்க வேண்டும்? யாருக்கு லாபம் என்று ஆரம்பித்தால் இதுதான் நடக்கும். லாபமில்லாதவன் கண்ணுக்கே தெரியமாட்டான். உண்மை பெரும்பாலும் அவனிடம்தான் இருக்கும்.

உள்ளே வரச் சொன்னேன். ஐம்பது வயதிருக்கும். நிற்கிற நிற்பில் பயம் இல்லை.

"என்னம்மா ஒனக்கு?"

"பொணம் நாலு மணிக்கு வந்துரும்ங்கறாங்க. ராசேந்திரன விட்டீங்கன்னா கொள்ளி வச்சுட்டு வந்துருவான். அதுவரைக்கும் நா வேணா இங்கிட்டு உக்காந்துக்கறேன்."

"ஒன்ன உக்கார வச்சு நான் என்ன பண்றது?"

"ஒரு ஆளுக்கு ஒரு ஆளு சரியாப் போச்சுல்ல சார்."

பெண் காவலர் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்குக் கோபம் வந்தது. செல்போனை எடுத்து நீட்டினேன்.

"யாருக்குப் பரிஞ்சு பேசுறன்னு தெரிஞ்சுக்க. பாரு இத. மயக்கத்துல இருந்தவருகிட்ட ரேகை வாங்கியிருக்கான். அப்புறந்தான் ஆளு செத்திருக்காரு."

செல்போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். "கண்ணாடி கொண்டாரல" என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "கால எடுத்தீங்களா சார்?"

"காலுல என்ன இருக்கு?"

"காட்டுங்களேன். காசா, பணமா."

எட்டாவது போட்டோவில் முழு உடம்பும் இருந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். உங்களில் சாவு வீட்டில் உதவி செய்தவர்களுக்குத் தெரியும். உயிர் போனதும் கால் கட்டை விரல் இரண்டையும் சேர்த்து ஒரு துணியால் கட்டுவார்கள், கை கட்டை விரல் இரண்டையும் சேர்த்து இன்னொரு துணியால். கை கால் விறைக்கும் முன் கட்டிவிட வேண்டும். அந்தத் தெருவில் யார் செத்தாலும் கட்டுவது பார்வதிதான். அன்று காலையும் ராசேந்திரன் முதலில் கூப்பிட்டது அவளைத்தான்.

"காலுல இருக்கறது எங் கட்டு. கையில இருக்கறது எங் கட்டு இல்ல சார்."

"எப்படிச் சொல்ற?"

என் மேசையிலிருந்து ஃபைல் கட்டும் நாடாவை எடுத்தாள். கையை நீட்டினேன். "ஐயையோ, உசுரோட இருக்கவங்களுக்குக் கட்டக் கூடாது" என்று என் கையைத் தட்டிவிட்டு, இரண்டு பேனாக்களைச் சேர்த்துக் கட்டினாள். ஒரு சுற்று, ஒரு மடிப்பு, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தாள். கட்டு அவிழ்ந்து பேனாக்கள் உருண்டன.

"எரிக்கறதுக்கு முன்னாடி அவுத்து விடணும்ல. அதனால இப்படித்தான் கட்டுவேன். ஒரு இழுப்புல வந்துரணும். இப்ப படத்தப் பாருங்க."

பார்த்தேன். காலில் இருந்த துணிக்கு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. கையில் முடிச்சுக்கு மேல் முடிச்சு, மாட்டைக் கட்டுவது போல. காலையிலிருந்து அந்த போட்டோக்களை ஐம்பது தடவை பார்த்திருப்பேன். மையைத்தான் பார்த்தேன். மைக்கு அரை அங்குலம் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை.

"நீ கட்டுறப்ப விரல்ல மை இருந்துச்சா?"

"இல்ல சார். வெத்தலக் கறை மட்டுந்தான். கட்டிட்டு நா பெரியாளுகளுக்குச் சொல்லப் போயிட்டேன். அரை மணி நேரம் அவன் ஒத்தையில இருந்தான்."

"அவனக் காப்பாத்தப் பொய் சொல்றியா?"

"பொய் சொல்றதா இருந்தா நல்ல பொய்யாச் சொல்ல மாட்டேனா? இதச் சொன்னா அவன் மானம்ல போகுது." சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலிருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

செத்த பிறகு கட்டை அவிழ்த்து, கைநாட்டு வாங்கி, திரும்பக் கட்டியிருக்கிறான். அதனால் கொல்லவில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சொத்துக்காகக் கொல்லத் திட்டம் போட்டவன் தாளை முதலில் எழுதி வைத்துக்கொள்வான். சாட்சிக்கு இரண்டு பேரைப் பிடித்து வைப்பான். பக்கத்து வீட்டுப் பெண்ணை முதலில் கூப்பிட்டு, அவள் கட்டிவிட்டுப் போன பிறகு வெற்றுத் தாளைத் தேடி ஓடமாட்டான். இது நிரூபணம் இல்லை. கைது செய்யாமல் இருக்கப் போதும்.

ராசேந்திரனிடம் போனேன். பேனாக்களைக் கட்டியிருந்த நாடாவை அவன் முன்னால் வைத்து, பார்வதி சொன்னதைச் சொன்னேன். அப்போதுதான் அழுதான். அடித்தபோது வராத அழுகை.

"அவரு உசுரோட இருக்கறப்ப கேக்கக் கூச்சமா இருந்துச்சு சார்."

"என்னடா கூச்சம்?"

"ஏழு வருஷம் குளிப்பாட்டி விட்டிருக்கேன். கேணிக் காட்ட எம் பேருக்கு எழுதுங்கப்பான்னு கேட்டா, இதுக்குத்தான் குளிப்பாட்டுனியான்னு கேட்டுருவாரோன்னு இருந்துச்சு. அக்கா கையெழுத்துப் போட மாட்டா. விடிஞ்சா வந்துருவா. புத்தி கெட்டுப் போச்சு."

"அப்ப இத ஏன்டா காலையிலேயே சொல்லல? கொலைக் கேஸு எழுதப் போனேன்டா ஒம்மேல!"

"கொன்னேன்னே சொல்லிக்கங்க சார். இத ஊர்ல சொல்லிராதீங்க."

நான் படித்த எந்தத் துப்பறியும் கதையிலும் இப்படி ஒருவன் இல்லை. அந்தக் கதைகளில் பேராசை சாவுக்கு முன்னால் வரும், வந்து கொல்லும். பேராசைக்காரனுக்கு வெட்கம் கிடையாது. இங்கே சாவுக்குப் பின்னால் அரை மணி நேரத்தில் வந்தது, வெட்கத்தோடு வந்தது. ஆசை இருந்ததற்கு மை சாட்சி. கொன்றதற்கு அது சாட்சி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கியது நான். எனக்கும் ஒரு ஆசை இருந்தது, இன்னொரு பாராட்டுக் கடிதம். அதை எந்த ஃபைலிலும் நோக்கம் என்று எழுதமாட்டார்கள்.

டி.எஸ்.பி.க்குப் போன் செய்தேன். "சார், கைது இல்ல. பரிசோதனை முடிவு வரட்டும்."

"நாளைக்கு விஷம்னு வந்தா?"

"வந்தா நாந்தான் பொறுப்பு சார்."

"எழுத்துல குடுங்க."

கொடுத்தேன். இந்த வேலையில் உங்கள் தைரியத்தை யாரும் துப்பாக்கியில் சோதிக்கப்போவதில்லை. இப்படி ஒரு அரைப் பக்கத் தாளில்தான் சோதிப்பார்கள்.

ஜீப்பில் ராசேந்திரனையும் பார்வதியையும் ஏற்றிக்கொண்டு போனேன். நாங்கள் போகும்போது பாடை தெருவில் இருந்தது. பங்காளி ஒருவர் ஈர வேட்டியோடு கொள்ளிச் சட்டிக்குத் தயாராக நின்றார். ராசேந்திரனைப் பார்த்ததும் மல்லிகா பாடைக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"கிட்ட வந்தான்னா நானும் இதுலேயே விழுந்துருவேன்!"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னால் அவன் கொலையிலிருந்து தப்பிப்பான், ஊரில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் கொள்ளி வைக்க முடியாது. இது சட்டப் புத்தகத்தில் இல்லை. பார்வதியை மல்லிகாவின் கையைப் பிடிக்கச் சொல்லி, மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனேன். அவளிடம் மட்டும் சொன்னேன். காலையில் நான் அவசரப்பட்டதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கட்ட அவுக்கறப்ப அப்பா கை சில்லுன்னு இருந்திருக்குமே சார். அதக் கூடவா அவனுக்குத் தெரியல?"

கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வெறுந்தாளா? ஒண்ணுமே எழுதலயா?"

"இல்லம்மா."

"கூறுகெட்டவன்" என்றாள். மூக்கைச் சிந்தினாள். "சின்னப் புள்ளையிலேருந்தே இப்படித்தான். ஒண்ணையும் முழுசாச் செய்யத் தெரியாது."

"புகார் குடுக்கிறியா? அந்தத் தாள் எங்கிட்டத்தான் இருக்கு."

"அதெல்லாம் வேணாம். வந்து வைக்கச் சொல்லுங்க. அவன் வைக்கலன்னா அப்பாவுக்கு யாரு? ஆனா கேணிக் காட்டுல எனக்குப் பாதி. அதுல மாத்தம் இல்ல."

வெளியே வந்து அவளே தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாடை அருகில் விட்டாள். அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் ஏதோ சொன்னான். கிட்டத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"கேணிக்குக் கெழக்க எனக்கு."

"கெழக்க இருக்க தென்ன பூராம் நான் வச்சதுக்கா."

"நீ வச்ச. கண்ணாலம் ஆகி நா போறவரைக்கும் தண்ணி மோந்து ஊத்துனது யாரு?"

பெரியவர் ஒருவர் அதட்டினார்: "ஏப்பா, பொணம் கெடக்குது. ரெண்டு பேரும் நாளைக்கு அடிச்சுக்கங்க."

இருவரும் வாயை மூடினார்கள். ராசேந்திரன் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பரிசோதனை முடிவு வரச் சில மாதம் ஆனது. விஷம் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். கேஸை முடித்துவிட்டு, அந்த அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு ராசேந்திரன் வீட்டுக்கு நானே போனேன். ஏட்டை அனுப்பியிருக்கலாம். நானே போக வேண்டும் என்று தோன்றியது. வாசலில் நின்று கொடுத்தேன். உள்ளே கூப்பிடவில்லை. நிதானமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தான். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"இத எதுக்கு சார் எங்கிட்ட காட்டுறீங்க? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."